அந்தமானுக்கு டிக்கெட் எடுக்குமுன் திதி பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை இணைப்பில் அந்தமான் பயணத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படங்கள் கண்ணைப் பறித்தன. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலும் குறையில்லை. ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில் அந்தக் கடலில் இறங்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளையும் பாட்டி தாத்தாவையும் கூட்டிக்கொண்டு குமரி மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். கடற்கரையிலேயே வளர்ந்ததால் கடல் நமக்குத் தெரியும் என்றொரு தைரியம் இங்கே எல்லோருக்கும் உண்டு. நமக்குத் தெரிந்தது நம் கடல் மட்டுமே.

முட்டத்திலும் சொத்தவிளையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நாம் பயப்படுவது அலைக்கு. ஆனி, ஆடியில் கடல் கரையை அரித்துக்கொண்டு போகும். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலை எழும்பும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களின் உயிரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட அலைதான். ஆனால் வேலியேற்றமும் வேலியிறக்கமும், அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவது, இங்கே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், மீன்பிடிக்கப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தமானில் இது அப்படியே தலைகீழ். நல்ல பருவத்தில் அலை முழங்கால் உயரம்கூட இருக்காது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும். மணலைத் தாண்டியதும் அங்கே பவளப்பாறை மேடை பரந்து கிடக்கிறது. நம் மீனவர்கள் 'பார்' என்று சொல்வது போன்றது, ஆனால் கரையை ஒட்டியே இருக்கும். சரிவு மிகக் குறைவு என்பதால் தண்ணீர் 2 மீட்டர் இறங்கினால் நூறு இருநூறு மீட்டர் தூரத்துக்குக் கடலடி வெளியே தெரியும். ஹேவ்லாக் தீவின் கிழக்குக் கரையில், கோவிந்தநகர், விஜயநகர் பக்கம், 'கடலைப் பார்த்த அறை' என்று வாடகை கொடுத்துத் தங்குகிறவர்கள் சன்னலைத் திறந்தால் பாதி நாள் பார்ப்பது பாறையையும் சேற்றையும்தான். விடுதிக்காரர் ஏமாற்றவில்லை. ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் கடல் இருக்கும்.

ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரமும் கொஞ்சமும். அடுத்த நாள் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே சீராக இறங்காது என்பதைத்தான் குழந்தைகளோடு போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும். மொத்த இறக்கத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் 3, பிறகு 2, கடைசியில் 1. அதாவது 2 மீட்டர் இறங்கும் நாளில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் 1 மீட்டர் தண்ணீர் போய்விடும். பதினொரு மணிக்கு நெஞ்சளவு தண்ணீரில் மீன் பார்க்க மிதந்து போன பையன், ஒரு மணிக்குத் திரும்பும்போது வயிறு உரசப் பவளத்தின் மேல் தவழ வேண்டியிருக்கும். ஏறும்போது ஆபத்து வேறு மாதிரி. மேடையின் விளிம்புவரை நடந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பின்னால், கரைக்கும் அவர்களுக்கும் நடுவே உள்ள பள்ளம் முதலில் நிரம்பிவிடும்.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்குமுன் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில், பிரதமை, துவிதியை வாக்கில், ஏற்றவற்றம் உச்சத்தில் இருக்கும். அட்டமி, நவமி, தசமியில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிடும். அட்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளைக் கடலில் இறக்க அந்தமானில் அதைவிட நல்ல நாள் கிடையாது: தண்ணீர் அவ்வளவாக ஓடாது, ஆழம் நாள் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நீவாடும் (நீரோட்டமும்) தணிந்திருக்கும். மறுபக்கம், நீல் தீவின் லட்சுமண்பூரில் உள்ள இயற்கைப் பாலத்தைப் பார்க்க அமாவாசை, பௌர்ணமி வற்றம்தான் தோது. பவளப் பாறை வழியாக நடந்துதான் அதனடியில் போக முடியும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னே போய், ஏறத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும். முழு ஏற்றத்தில் போய் நின்றால் பாலம் தூரத்தில் தெரியும், அவ்வளவுதான்.

திதி தெரிந்தால் நாள் தெரியும். மணி தெரிய ஓத அட்டவணை, அதாவது ஏற்றவற்ற நேரங்களின் பட்டியல், வேண்டும். போர்ட் பிளேருக்கான முன்கணிப்பை இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஐதராபாத்திலிருந்து நம் மீனவர்களுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் அதே இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தையும் பார்க்கலாம். அட்டவணையில் 0.3 என்று இருந்தால் கடலில் 30 செ.மீ. ஆழம்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. மிகத் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்தை ஒட்டி வைத்த ஒரு கோட்டுக்கு மேலே எவ்வளவு என்பதே அந்த எண். காலையில் 1.9, மதியம் கழிந்து 0.3 என்றால் இடையில் 1.6 மீட்டர் போகிறது என்று படிக்க வேண்டும்.

எலிபெண்ட் கடற்கரையிலும் நீல் தீவின் பரத்பூரிலும் மீன் பார்க்கப் போவதென்றால் ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சரியான நேரம். எலிபெண்ட் கடற்கரைக்கு ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து படகில் சுமார் அரை மணி. காட்டு வழியில் நடந்தும் போகலாம், ஆனால் மழை பெய்தால் அது சகதி. ஹேவ்லாக்கின் ராதாநகருக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக வேண்டாம். அது மணல் கரை, மேற்கு பார்த்தது, சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்றது. வற்றத்திலும் குளிக்கலாம்.

ஆனால் ராதாநகரில் காற்றைப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வீசுவது வடகிழக்குக் காற்று. அது தீவைத் தாண்டி, மரங்களுக்கு மேலாகக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கிறது. அந்த அமைதியை நம்பி, காற்றடைத்த வாத்திலும் டியூபிலும் குழந்தையை உட்காரவைத்தால், அது சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஐம்பது மீட்டர் தாண்டினால் மரங்களின் மறைவு போய் வேகம் கூடும், நீந்திப் பிடிக்க முடியாது. நம் கரையில் அலை எல்லாவற்றையும் திருப்பிக் கரையில் எறிந்துவிடும் என்ற பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புரிய நேரமாகும். காற்றடைத்த பொருள் எதையும் கடலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. தென்மேற்குப் பருவத்தில் அதே ராதாநகரில் அலையும் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டமும் வரும். அப்போது உயிர்காப்பாளர் காட்டும் எல்லையைத் தாண்டக் கூடாது.

பருவம் பற்றி நீட்ட வேண்டாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதங்கள். நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்கியதும் போய்விட்டால் சரி. மே மூன்றாம் வாரம் வாக்கில், கேரளத்துக்கு வருமுன்பே, தென்மேற்குப் பருவமழை அந்தமானில் இறங்கிவிடும். "மே கடைசியில் விலை குறைவு" என்று சொல்லும் பயண முகவரிடம் ஏன் குறைவு என்று கேளுங்கள்.

சூரியனும் நம் கணக்கில் வராது. கடிகாரம் ஒன்றுதான், ஆனால் தீவு கிழக்கே தள்ளி இருப்பதால் பொழுது விடிவதும் சாய்வதும் கன்னியாகுமரியைவிட ஒரு மணி நேரம் முந்தி. டிசம்பரில் மாலை 5 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். மதியம் 2 மணிக் கப்பலில் ஹேவ்லாக் போய், அறையில் பையை வைத்து, காப்பி குடித்து, ஒரு டஜன் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராதாநகரில் சூரிய அஸ்தமனம் பார்ப்பதாகப் பல திட்டத் தாள்களில் அச்சடித்திருக்கிறார்கள். போய்ச் சேரும்போது இருட்டு. இருட்டிய பிறகு கடலில் இறங்க அனுமதியும் இல்லை. காலைக் கப்பலே எடுங்கள்.

வழி: திருவனந்தபுரத்திலிருந்து சென்னை, அங்கிருந்து இரண்டேகால் மணி நேர விமானம். நாகர்கோவிலில் மாலை ரயில் ஏறி, விடியற்காலை எழும்பூரில் இறங்கி, அன்று காலை விமானத்தையே பிடிப்பதாகத் திட்டமிடாதீர்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதித்தால் முழுக் குடும்பத்தின் டிக்கெட்டும் போச்சு. சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, சுமார் மூன்று நாள். தினமும் கிடையாது, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பெயர்க் குழப்பம் ஒன்று. ஹேவ்லாக் 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் ஒரு பெயர், விடுதிக்காரர் வாயில் ஒரு பெயர், வண்டிக்காரர் வாயில் இன்னொன்று. அரசுப் படகு பீனிக்ஸ் பே துறையிலிருந்தும் தனியார் வேகப் படகு ஹேடோ துறையிலிருந்தும் புறப்படுகின்றன. துறை மாறிப் போய் நின்று படகை விட்டவர்கள் ஏராளம். அடையாள அட்டையில் இருக்கும் பெயரே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும், குழந்தைக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரம் முன்னால் துறையில் இருங்கள்.

படகில் வாந்தி வருகிறவர்களுக்குப் பின்பாதியில், நடுவில், கீழ்த்தளத்தில் இடம் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்பக்கச் சன்னலோர இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வாந்திக்குக் கொடுக்கும் பணம். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரையை ஏறிய பிறகு போட்டால் வேலை செய்யாது, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். எல்லா மெடிக்கல் கடையிலும் கிடைக்கும் புரோமெதசின் வகையை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு இரவு இருந்தால் வரிசை இப்படி: போர்ட் பிளேரில் ஒன்று (செல்லுலார் சிறையை அன்று மதியமே பார்த்துவிடலாம்), ஹேவ்லாக்கில் மூன்று, நீல் தீவில் ஒன்று, கடைசி இரவு கட்டாயம் மறுபடி போர்ட் பிளேர். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். விமானம் புறப்படும் அன்று காலைதான் தீவிலிருந்து படகு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் போகும். நான்கு இரவில் மூன்று தீவு என்று விற்கிற திட்டங்களில் பாதி நேரம் படகுத்துறை வரிசையில் கழியும். ஸ்கூபா செய்கிறவர்கள் அதை ஹேவ்லாக்கின் முதல் இரண்டு நாளில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரே ஒரு முறை இறங்கினால் 12 மணி நேரமும், பல முறை இறங்கினால் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் திறந்த கடலில் சிலிண்டர் மாட்டி இறக்கச் சம்மதிக்காதீர்கள். சளி பிடித்தவர்களுக்கு அன்று வேண்டாம், காது தாங்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் படிவத்தில் மறைக்கக் கூடாது.

இனி சாமான்கள். உயிர்காப்பு மேல்சட்டையைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ப இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். போட்டுப் பூட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதைத் தொட்டால் அது பெரிது. தொடைக்கு நடுவே கட்டும் பட்டை இல்லாத சட்டை ஆறு வயதுப் பிள்ளைக்குத் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். படகில் கிடைப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கானதுதான்.

மீன் பார்க்கும் முகக் கண்ணாடியை வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் பொருந்துகிறது. ஒரு முடி விளிம்பில் சிக்கினாலும் தண்ணீர் கசியும். மீசைக்காரர்களுக்கு எப்படியும் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொண்டால் போதும், மீசை முழுவதையும் தியாகம் செய்ய வேண்டாம். முழு முகத்தையும் மூடும் வகை பார்க்க வசதியாகத் தெரியும். வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும் ஆபத்து அதில் அதிகம், பிள்ளைகளுக்கு வேண்டாம்.

உடை விஷயத்தில் நம் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பட்டாவும் சேலை முந்தானையும் தண்ணீரில் காலைச் சுற்றும், பருத்திச் சுடிதார் நனைந்தால் கல்லாகக் கனக்கும். உடலோடு ஒட்டிய முழுக்கை நைலான் உடை வெயிலுக்கும் நல்லது, சொறி (ஜெல்லி மீன்) படாமல் இருக்கவும் நல்லது. காலுக்கு ரப்பர் அடி வைத்த மூடிய செருப்பு. ஹவாய் செருப்பு கழன்று மிதக்கும், அதைப் பிடிக்கப் பிள்ளை ஆழத்துக்குப் போகும்.

பவளத்தில் கீறினால் சின்னக் காயம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு நன்றாகக் கழுவி, காயும்வரை கடலில் இறங்காமல் இருக்க வேண்டும். சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே பெட்டி வடிவச் சொறியும் உண்டு. அதற்குத் தேய்த்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் விஷம் கூடும். ஒரு சின்ன பாட்டில் வினிகர் கையில் இருக்கட்டும், அரை நிமிடமாவது ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். விஷ முள்ளுள்ள கல்மீனை மிதித்தால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், சுமார் 45 டிகிரி, காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நெருப்பில் வாட்டக் கூடாது. ஹேவ்லாக்கில் அரசு சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குப் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை; அதற்கு நடுவே இருப்பது கடல். அதிகாலையிலும் மாலையிலும் மணல் ஈ கடிக்கும். வெறும் மணலில் படுக்காமல் பாய் விரித்துக்கொள்ளுங்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை அழகுக்கு வைத்ததல்ல. உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும். 2010-இல் ராதாநகர் அருகே கடலில் மீன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்தி மரங்கள் நிற்கும் இடம், இருட்டும் வேளை, இந்த மூன்றையும் தவிர்த்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும்.

2004 டிசம்பர் 26-ஐ குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. நமக்கு அன்று நில அதிர்வு ஒரு எச்சரிக்கையாக வரவில்லை; அந்தமானில் வரும், தீவுகள் இருப்பது அன்று அதிர்ந்த நிலப் பிளவின் மேலேயே. அங்கே கடல் தினமும் இரண்டு முறை உள்வாங்குவதால், உள்வாங்கியதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நிற்க முடியாதபடி நிலம் ஆடினால், அட்டவணையும் பார்க்க வேண்டாம், பையும் எடுக்க வேண்டாம், மேட்டுக்கு ஏறுங்கள்.

திரும்பும்போது பெட்டியில் சங்கு, சிப்பி, பவளத் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. செத்துக் கரையில் ஒதுங்கிய பவளமானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம், கடல் அட்டைக்கும் அதே கதி. கன்னியாகுமரிக் கடைத்தெருவில் சங்கு வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டிச் சொல்ல நேர்ந்தால் அழுகைதான்.

அடுத்த விடுமுறை இணைப்பில் படம் ஒன்றைக் குறைத்தாவது, அந்த மாதத்துக்கான போர்ட் பிளேர் ஓத அட்டவணையைத் திதியோடு ஒரு மூலையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்